பல்படிக உலோகங்களைக் கணினியில் வளைப்பது: டெய்லரா, சுயஒத்திசைவா, எஃப்.எஃப்.டியா, எஃப்.ஈ.எம்மா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் உலோகப் பாகங்களுக்குக் கணினி மாதிரி செய்கிற வேலையில் இருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் அல்சூர் பக்கம் ஒரு காபிக்கடையில் சிலர் கூடுவோம். ஒயிட்ஃபீல்டிலும் பீன்யாவிலும் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள், ஐ.ஐ.எஸ்.சியில் ஆய்வு செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர். வகுப்பெல்லாம் இல்லை. அவரவர் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லிப் புலம்புவதுதான். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டிஷ்யூ பேப்பரில் படம் போட்டுக் கை வலிக்கிறது.

பல்படிகம் என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். புது ஜி.ஐ. வாளியையோ கூரைத் தகட்டையோ வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திட்டும் துத்தநாகப் பூச்சில் வளர்ந்த ஒரு படிகம். பழைய வீடுகளில் பித்தளைக் கதவுப்பிடியைப் பல வருடம் பிடித்துப் பிடித்து, கைவியர்வையே அமிலமாக அரித்து, இதே மாதிரித் திட்டுகள் வெளியே வந்திருக்கும். நாம் புழங்கும் உலோகம் ஏறக்குறைய எல்லாமே இப்படிச் சின்னச் சின்னப் படிகங்கள் ஒட்டிய கூட்டம்தான். ஒவ்வொரு படிகத்தையும் நாங்கள் கிரெய்ன் என்போம். பெரும்பாலும் மைக்ரான் கணக்கில் இருப்பதால் சாதாரணமாகத் தெரிவதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. செம்பின் ஒற்றைப் படிகத்தை அதன் கனசதுர விளிம்பு வழியாக இழுத்தால் யங் குணகம் (இழுப்புக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்ற அளவு) ஏறத்தாழ 67 ஜிகாபாஸ்கல். கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து நேர் எதிர்மூலைக்கு உள்ளே போகும் மூலைவிட்டம் வழியாக இழுத்தால் 190-ஐத் தொடும். அதே உலோகம், திசை மட்டும்தான் வேறு. கிரெய்ன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது மொத்தத் துண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா முறைகளுக்கும் பொதுவான கேள்வி.

சராசரி எடுத்தால் போதாதே, ஏன்?

எந்தச் சராசரி என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். எல்லாக் கிரெய்னுக்கும் திரிபு, அதாவது நீளம் மாறும் விகிதம், சமம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் (ஃபோய்க்ட், 1889) தாறுமாறாக அடுக்கிய செம்புக்கு யங் குணகம் சுமார் 145 ஜிகாபாஸ்கல் வரும். தகைவு, அதாவது பரப்பின் மேல் விழும் விசை, சமம் என்று வைத்தால் (ரோய்ஸ், 1929) சுமார் 109. உண்மையான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும் என்று 1952-இல் ஹில் நிறுவினார். இரண்டின் சராசரி 127. அளந்து பார்த்தாலும் அந்தப் பக்கம்தான் வருகிறது. அலுமினியத்தில் திசை வேறுபாடு குறைவு என்பதால் இரண்டு எல்லைகளும் நெருங்கிவிடும், யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரை இந்தக் கைக்கணக்கே பல சமயம் போதும். நிரந்தரமாக உருமாறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. படிகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுதான் நழுவல்; அது சில நழுவல் தளங்களில் மட்டுமே நடக்கும். செம்பு, அலுமினியம், நிக்கல் போன்றவற்றில் நான்கு தளம், ஒவ்வொன்றிலும் மூன்று திசை, ஆக 12 வழிகள். எந்த வழி எப்போது திறக்கும் என்பது கிரெய்ன் எந்தப் பக்கம் பார்க்கிறது, பக்கத்துக் கிரெய்ன் எவ்வளவு நெருக்குகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. நழுவ நழுவக் கிரெய்னும் திரும்பிக்கொண்டே போகும். இன்று எடுத்த சராசரி நாளைக்கு ஒத்துவராது.

டெய்லர், சாக்ஸ், சுயஒத்திசைவு, முழுப்புலம்: வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் அக்கா.

மாலை ஆறரைக்கு சில்க் போர்டு சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வண்டியும் ஒரே வேகத்தில்தான் போக வேண்டும், அதற்கு எவ்வளவு மிதிக்க வேண்டுமோ அது அவரவர் பாடு என்றால் அது டெய்லர் (1938). திரிபு எல்லோருக்கும் சமம். எல்லோரும் ஒரே அளவு மிதிக்கிறார்கள், யார் எவ்வளவு வேகம் போனாலும் போகட்டும் என்றால் அது சாக்ஸ் (1928). சுயஒத்திசைவு முறையில் ஒவ்வொரு வண்டியும் தன்னைச் சுற்றி "சராசரி நெரிசல்" என்ற ஒன்றை மட்டும் பார்க்கும்; அந்தச் சராசரியும் இதே வண்டிகளின் போக்கிலிருந்துதான் கணக்கிடப்படும், இரண்டும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப. முழுப்புல முறையில் உங்கள் முன்னால் நிற்பது பி.எம்.டி.சி பஸ்ஸா, ஆட்டோவா, அது இடப்பக்கம் ஒதுங்குமா என்பது வரைக்கும் கணக்கில் வரும். எஃப்.எஃப்.டியும் (ஃபூரியர் உருமாற்றத்தை வேகமாகப் போடும் கணக்குவழி) எஃப்.ஈ.எம்மும் (துண்டைச் சின்னச் சின்ன எலிமென்ட்டுகளாகப் பிரித்துத் தீர்ப்பது) இந்த வகை.

இந்த உவமை ஒரு இடத்தில் உடையும். சாலையில் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விடலாம், இடிக்கவும் செய்யலாம். கிரெய்ன்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அதற்குப் பெயர் விரிசல். ஒன்றுக்குள் ஒன்று புகவும் முடியாது. சாக்ஸ் இந்த நிபந்தனையை மதிப்பதில்லை. டெய்லர் அதை மதிக்கிறது, ஆனால் எல்லைகளில் தகைவு சமன்படுவதில்லை. அதனால்தான் தாறுமாறாக அடுக்கிய செம்பு வகைப் படிகங்களுக்கு டெய்லர் எண் 3.06 என்றும் சாக்ஸ் எண் 2.24 என்றும் வருகின்றன. ஒரு நழுவல் வழியைத் திறக்கத் தேவையான தகைவை இந்த எண்ணால் பெருக்கினால் மொத்தத் துண்டின் ஈல்ட் தகைவு, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, கிடைக்கும். உண்மை, நடுவில் டெய்லர் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

1938-ஆம் வருடத்து மாதிரியை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

இதற்கு என் சொந்த அவமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், ஆழமாக இழுத்துக் கிண்ணம் செய்யும் இரண்டு அலுமினியத் தகடுகளில் எதில் "காது" பெரிதாக வரும் என்று கேட்டார்கள். எவர்சில்வர் டம்ளர் செய்யும் பட்டறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வட்டத் தகட்டை அச்சில் அழுத்தி இழுத்ததும் விளிம்பு நேராக வராது, அலையலையாக எழும்பும், வெட்டி எறிய வேண்டும். அதுதான் காது. தகட்டை உருட்டும்போது கிரெய்ன்கள் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வதால் வருவது. இந்தச் சாய்வைத்தான் டெக்ஸ்சர் என்கிறோம். உருட்டியபின் சூடாக்கி மறுபடிகமாக்கிய அலுமினியத்தில் காதுகள் உருட்டுதிசையிலும் அதற்குக் குறுக்கேயும் எழும். அதிகம் உருட்டி அப்படியே விட்டதில் 45 பாகையில் எழும்.

நான் 400 கிரெய்ன் வைத்துப் படிக நழுவலை எஃப்.ஈ.எம்மில் போட்டு, மெஷ் எனப்படும் எலிமென்ட் வலையைச் சரிசெய்து, குவியாத, அதாவது விடைக்கு வந்து சேராத, ஓட்டங்களோடு மல்லுக்கட்டி மூன்று வாரம் ஓட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எக்ஸ்ரேயில் அளந்த டெக்ஸ்சரிலிருந்து ஆயிரம் திசைகளை எடுத்து டெய்லர் கணக்கில் போட்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதே வரிசை வந்துவிட்டது: முதல் தகட்டுக்குக் காது பெரிது, இரண்டாவதற்குச் சிறிது. அவர்கள் கேட்டதே அவ்வளவுதான். கேள்வி சராசரியைப் பற்றியதாக இருந்தது. நான் கிரெய்னுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, ஆமாம், பயன்படுத்துகிறோம். கனசதுரப் படிக உலோகம், கேட்பது டெக்ஸ்சரும், எந்தத் திசையில் எவ்வளவு தகைவில் ஈல்ட் ஆகும் என்ற ஈல்ட் வடிவமும் என்றால் முதலில் டெய்லரைத்தான் ஓட்டுவேன். அது தரும் டெக்ஸ்சர் நிஜத்தைவிடக் கூர்மையாக வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

வி.பி.எஸ்.சி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எங்கே உதவும்?

வி.பி.எஸ்.சி என்பது சுயஒத்திசைவு முறையில் ஓடும் ஒரு நிரல். அது உதவுவது அறுகோணப் படிகங்களில். மெக்னீசியம், டைட்டானியம், சிர்கோனியம். இவற்றில் ஒரு வழி மிக இலேசாகத் திறக்கும், இன்னொன்று பல மடங்கு கடினம். எல்லாக் கிரெய்னும் ஒரே திரிபு எடுத்தாக வேண்டும் என்று டெய்லர் பிடிவாதம் பிடித்தால், கடினமான பக்கம் பார்த்த கிரெய்னில் தகைவு எகிறிவிடும். நிஜத்தில் அந்தக் கிரெய்ன் கொஞ்சம் குறைவாக உருமாறி, பக்கத்திலிருப்பவர்கள் ஈடுகட்டுவார்கள்.

சுயஒத்திசைவு முறையின் வேர் எஷெல்பியின் 1957 கட்டுரை: எல்லையில்லாத ஒரு ஊடகத்துக்குள் நீள்கோளத் துண்டு ஒன்று இருந்தால் அதற்குள் திரிபு சீராக இருக்கும். கிரோனரும் ஹில்லும் இதைப் பல்படிகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மோலினாரி குழு 1987-இலும், லெபென்சோனும் டோமேயும் 1993-இலும் பெரிய நிரந்தர உருமாற்றத்துக்கு நீட்டினார்கள். லெபென்சோன், டோமே நிரலின் பெயர்தான் வி.பி.எஸ்.சி. ஆயிரம் திசைகளை வைத்துக்கொண்டு சாதாரண மடிக்கணினியில் நிமிடக் கணக்கில் முடியும். இரட்டையாதல் எனப்படும் உருமாற்றத்தையும், அதாவது படிகத்தின் ஒரு பட்டை கண்ணாடிப் பிம்பம்போல் மடிந்துகொள்வதையும், சேர்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. கிரெய்னுக்கும் ஊடகத்துக்கும் நடுவிலான உறவை நேர்கோடாக்க சீக்கண்ட், டேன்ஜென்ட், அஃபைன் என்று பல வழிகள். சீக்கண்ட் உங்களை டெய்லர் பக்கம் தள்ளும், டேன்ஜென்ட் சாக்ஸ் பக்கம். எதைத் தேர்ந்தீர்கள் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் யாராலும் உங்கள் விடையை மறுபடி எடுக்க முடியாது. அடுத்தது, கிரெய்னுக்குள் என்ன நடக்கிறது, எந்த எல்லையில் தகைவு குவிகிறது என்று இதனிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதே அதற்குத் தெரியாது.

எஃப்.எஃப்.டி என்பது சிக்னல் ஆட்கள் பயன்படுத்துவது அல்லவா? உலோகத்தில் எப்படி நுழைந்தது?

அதே எஃப்.எஃப்.டிதான். 1994-இல் மூலினெக், சுக்கே என்ற இருவர் கூட்டுப்பொருள்களுக்காகக் கொண்டுவந்தார்கள். 2001-இல் லெபென்சோன் அதைப் பல்படிகத்துக்கு விரித்தார்.

யோசனை அழகானது. புள்ளிக்குப் புள்ளி விறைப்பு மாறும் பொருளை நேரடியாகத் தீர்ப்பது கடினம். அதனால் எல்லா இடத்திலும் ஒரே விறைப்புள்ள ஒரு ஒப்பீட்டு ஊடகத்தை எடுத்துக்கொள்கிறோம். நிஜத் தகைவுக்கும் அந்த ஊடகம் தரும் தகைவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மீதியாக எழுதிக்கொள்கிறோம். அந்த மீதி ஊடகம் முழுக்க என்ன திரிபு உண்டாக்கும் என்பது சாதாரணமாக ஒரு கனமான தொகையீடு. ஃபூரியர் வெளிக்குப் போனால் அது வெறும் பெருக்கல். அங்கே பெருக்கிவிட்டு நிஜ வெளிக்குத் திரும்பி, ஒவ்வொரு புள்ளியிலும் நழுவல் விதியை (எவ்வளவு தகைவுக்கு எவ்வளவு நழுவும் என்ற சமன்பாட்டை) போட்டு, புது மீதியை எடுத்து மறுபடியும் போகிறோம். சமநிலை வரும்வரை இப்படி அங்கும் இங்கும் நடை. பெரிய அணியைக் கட்டவும் வேண்டாம், மெஷ்ஷும் வேண்டாம். இ.பி.எஸ்.டியிலோ (எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிரெய்ன் திசைகளை அளக்கும் முறை) முப்பரிமாண எக்ஸ்ரேயிலோ கிடைத்த படத்தின் வாக்சல்களையே, அதாவது முப்பரிமாணப் படப்புள்ளிகளையே, உள்ளே கொடுத்துவிடலாம். புள்ளிகள் இரட்டிப்பானால் ஒரு சுற்றின் வேலையும் இரட்டிப்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

விலை என்ன? முதலாவது, துண்டு எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப அடுக்கியதாக இருக்க வேண்டும். வெளிப்பரப்பு வேண்டுமென்றால் ஒரு அடுக்குக் "காற்றை" வைக்க வேண்டும். விறைப்பே இல்லாத காற்றும் உலோகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஆரம்பகால அல்காரிதம் குவியவே குவியாது. பிற்பாடு வந்த திருத்திய அல்காரிதங்களால் சமாளிக்கலாம், ஆனால் நேரம் எடுக்கும். இரண்டாவது, கிரெய்ன் எல்லை படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கும். மூன்றாவது, அந்த எல்லைகளை ஒட்டித் தகைவில் சின்ன அலைகள் வரும். பொருளில் இல்லாதவை, ஃபூரியரின் குறும்பு. புதிதாக வருபவர்கள் அந்த அலைகளை நழுவல் பட்டை என்று நினைத்து மகிழ்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எஃப்.ஈ.எம்மைத் தலைமுழுகிவிடலாமா?

வேண்டாம். துளை, வெட்டு, அச்சோடு உராய்வு, வளைந்த பிளேடு வேர், வெப்பநிலைச் சரிவு: இவையெல்லாம் இருந்தால் எஃப்.ஈ.எம்தான் வீட்டு ஆள். கிரெய்ன் எல்லையை வழவழப்பான பரப்பாக மெஷ் செய்யலாம். நெப்பர் என்ற இலவச நிரல் அதை நன்றாகச் செய்யும். எல்லையில் பிரிவு, விரிசல் என்று போனாலும் இதுவே வசதி. படிக நழுவலை எஃப்.ஈ.எம்மில் பொருத்திய வேலை பியர்ஸ், அசாரோ, நீடில்மன் ஆகியோரின் 1982 கட்டுரையிலிருந்து வருகிறது. இன்றைக்கு அபாகஸ் என்ற எஃப்.ஈ.எம் மென்பொருள் வைத்திருக்கும் எவரும் அதில் சேர்க்கும் பொருள்விதி நிரலான யூமேட் ஒன்றை எழுதியோ வாங்கியோ ஓட்டலாம்.

ஒன்று மட்டும் கவனம். நேர்கோட்டு நான்முகி எலிமென்ட்டில் படிக நழுவலை ஓட்டாதீர்கள். நிரந்தர உருமாற்றத்தில் கன அளவு மாறாது. அந்த எலிமென்ட்டால் அந்த நிபந்தனையோடு வளைய முடியாமல் பூட்டிக்கொள்ளும், துண்டு நிஜத்தைவிட விறைப்பாகத் தெரியும். பத்துக் கணு நான்முகியோ, செங்கல் எலிமென்ட்டோ எடுங்கள்.

இரண்டில் எது துல்லியம்?

ஒரே நழுவல் விதி, ஒரே கிரெய்ன் அமைப்பு, ஒரே எல்லை நிபந்தனை கொடுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே புலத்தைத் தரும். பிரகாஷும் லெபென்சோனும் 2009-இல் இதையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விடைகள் நன்றாக ஒத்துப்போயின, எஃப்.எஃப்.டி வேகமாக முடித்தது. கிரெய்ன் எல்லையை ஒட்டி மட்டும் கொஞ்சம் வேறுபடலாம், அங்கே இரண்டையுமே முழுசாக நம்பக் கூடாது.

என் அனுபவத்தில் பிள்ளைகள் சண்டை போட வேண்டிய இடம் இது இல்லை. நழுவல் விதியில் ஒவ்வொரு வழிக்கும் தொடக்கத் தடை, கடினமாகும் வேகம், ஒரு வழி நழுவினால் இன்னொன்று எவ்வளவு இறுகும் என்ற எண்கள் இருக்கின்றன. இவற்றை ஒரே ஒரு இழுவைச் சோதனை வளைவிலிருந்து பொருத்துகிறார்கள். ஒரு வளைவுக்குப் பத்து எண்கள் என்றால் எத்தனையோ விதமாகப் பொருந்தும். மெக்னீசியத்தில் இப்படிப் பொருத்தி, எந்த வழி எவ்வளவு நழுவியது என்று வண்ணப் படம் போட்டால், அந்தப் படம் பொருளைப் பற்றிப் பேசவில்லை, உங்கள் தேர்வைப் பற்றிப் பேசுகிறது. குறைந்தது இரண்டு திசைகளில் இழுவை, ஒரு அழுத்தச் சோதனை, முடிந்தபின் டெக்ஸ்சர் அளவீடு. நியூட்ரான் சிதறலில் படிகத்திரிபு (அணு அடுக்குகளின் இடைவெளி எவ்வளவு மாறியது என்பது) கிடைத்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் இருந்தால்தான் முழுப்புலப் படத்தை நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

எத்தனை கிரெய்ன், எத்தனை வாக்சல் வேண்டும்?

கூட்டல் கழித்தலாகவே பார்க்கலாம். பக்கத்துக்கு 128 என்றால் மொத்தம் 20,97,152 வாக்சல். அதில் 512 கிரெய்ன் வைத்தால் ஒரு கிரெய்னுக்கு 4,096, அதாவது சுமார் 16 வாக்சல் பக்கமுள்ள ஒரு கட்டி. அதன் வெளித்தோல் மட்டும் 1,352 வாக்சல், மூன்றில் ஒரு பங்கு. அதே பெட்டியில் 4,096 கிரெய்னைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் 8 வாக்சல் பக்கம்தான். பாதிக்கு மேல் எல்லையில் உட்கார்ந்திருக்கும்.

சராசரி வளைவும் டெக்ஸ்சரும் வேண்டுமென்றால் கிரெய்ன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒவ்வொன்றும் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் சோர்வு விரிசல் எங்கே தொடங்கும் என்று தேடுகிறீர்களா, அப்போது கிரெய்னைக் குறைத்து வாக்சலைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கேட்பவர்களுக்குத்தான் ராத்திரி முழுக்கக் கணினி ஓடும்.

கிரெய்ன் அளவை 100 மைக்ரானிலிருந்து 10 ஆக்கினேன். வளைவு இம்மிகூட நகரவில்லை. நிரலில் பிழையா?

பிழை இல்லை. வழக்கமான நழுவல் விதியில் நீளம் என்ற அளவே கிடையாது. பெட்டியை நீங்கள் மைக்ரான் என்றாலும் மீட்டர் என்றாலும் சமன்பாட்டுக்கு ஒன்றுதான். ஹால், பெட்ச் சொன்ன விதி, அதாவது கிரெய்ன் சிறிதாகச் சிறிதாக உலோகம் வலுவாவது, தானாக வராது. திரிபுச் சரிவையோ, டிஸ்லொக்கேஷன் எனப்படும் படிகக் கோட்டுக்குறைகளின் அடர்த்தி ஓட்டத்தையோ சேர்த்த விதிகள் வேண்டும். எந்த முறையில் தீர்க்கிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டெக்ஸ்சர் தலைகீழாக வருகிறது. எங்கே தேடுவது?

முதலில் இ.பி.எஸ்.டி கோப்பில். படத்தின் அச்சுகளும் திசைக்கோணங்களின் அச்சுகளும் ஒன்றல்ல. கருவிக்குக் கருவி 90 பாகையோ 180 பாகையோ திரும்பியிருக்கும். நான் ஒரு தடவை உருட்டுதிசையையும் குறுக்குத்திசையையும் மாற்றிப் போட்டு, இரண்டு மாத முடிவுகளை மேலதிகாரி முன்னால் விரித்துக் காட்டி, அப்புறம் சுருட்டிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து, விடை முன்கூட்டியே தெரிந்த ஒற்றைப் படிகம் ஒன்றை முதலில் ஓட்டாமல் எதையும் தொடங்குவதில்லை.

மெஷின் லேர்னிங் வந்தபின் இதெல்லாம் தேவையா?

அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் இந்த முறைகளிலிருந்துதான் வருகின்றன. பாடத்தில் இல்லாத டெக்ஸ்சரைக் கொடுத்தால் அது தயங்காமல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும். அவ்வளவுதான் என் பயம்.

பெரிய கணினி இல்லாமல் பழக முடியுமா?

தாராளமாக. ஐ.ஐ.எஸ்.சியில் 2022-இல் திறந்த பரம் பிரவேகா என்ற சூப்பர்கணினியின் வேகம் 3.3 பெட்டாஃபிளாப்ஸ்; அங்கே இடம் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் 16 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் தொடங்கலாம். பக்கத்துக்கு 128 வாக்சல் என்றால் ஒரு உருமாற்றப் புலம் 151 எம்பிதான் பிடிக்கும். 256-க்குப் போனால் எட்டு மடங்கு, 1.2 ஜிபி. ஓர் ஓட்டத்தில் இப்படிப் பல புலங்களும் நழுவல் நிலைகளும் சேர்ந்து நிற்க வேண்டும், அங்கே மடிக்கணினி கையை விரித்துவிடும். ஜெர்மனியின் டியுசல்டோர்ஃபில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவன ஆட்கள் உருவாக்கிய டமாஸ்க் என்ற நிரல் இலவசம், எஃப்.எஃப்.டி தீர்வி அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்துக்கு 32 வாக்சல், ஐம்பது கிரெய்ன், அலுமினியம், 5 சதவீத இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அதே ஐம்பது திசைகளுக்கு டெய்லர் கணக்கையும் போடுங்கள். டெய்லர் வளைவு சற்று மேலே நிற்க வேண்டும். கீழே போனால் எண்களை எங்கோ தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். கோப்பை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.